கம்பி எங்கே முடிகிறது: தோட்டத்து லயமும் தொலைத்தொடர்புச் சொற்களும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. டேட்டா குறைவாக இருந்தால் சேமித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்த பிள்ளைகளிடம் "பரந்த பரப்பு வலையமைப்பு என்றால் என்ன?" என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே விடைதான்: பெரிய புவியியற் பரப்பில் பரந்து கிடக்கும் வலையமைப்பு. புள்ளி கிடைக்கும். ஆனால் அந்த விடையில் முக்கியமான பாதி விடுபட்டுப் போகிறது. அந்தப் பாதி பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் இப்போது தேவை. ஏன் என்று போகப்போகச் சொல்கிறோம்.

பாடசாலை மதிலுக்குள்ளே கணினி அறையிலிருந்து அதிபர் அறைக்கு ஒரு கேபிள் இழுக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கேபிள் நம்முடையது, சுவர் நம்முடையது, துளை போடுவதும் நாம்தான். அது இடத்துரி வலையமைப்பு. அதே கேபிளை மதிலுக்கு வெளியே கொண்டுபோய், பாதையைக் கடந்து, தேயிலை மலைக்குள்ளால் இறக்கி, ஹட்டன் வரை இழுக்க முடியுமா? நிலம் நம்முடையதல்ல, உரிமமும் நம்மிடம் இல்லை. கம்பி இழுக்க உரிமம் பெற்ற ஒருவரிடம் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும். ஆகவே தூரத்தைவிட, கம்பி யாருடையது என்பதுதான் இரண்டு வலையமைப்புகளையும் பிரிக்கும் கோடு. அதனால்தான் வெளியே இருப்பதற்கு "சேவை" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இதை விளங்கிக்கொண்டால் மற்றச் சொற்கள் பயமுறுத்தாது. அவை குறிக்கும் பொருள்கள் இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் மலையில் இருந்தவை.

இலங்கையின் முதல் தந்திக் கம்பி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே ஓடியது. அந்த நாளில் ஐரோப்பியத் தபால் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்குத்தான் வரும். லண்டன் செய்தியை முதலில் அறிய வேண்டும் என்ற அவசரம் கொழும்பு வியாபாரிகளுக்கு. மலையில் அப்போது கோப்பி. அதன் விலையும் அந்தச் செய்திகளில் ஒன்று. கம்பிக்கு முன்னர் ஒப்சேவர் பத்திரிகைக்காரர்கள் காலியிலிருந்து கொழும்புக்குப் புறாவின் காலில் செய்தி கட்டி அனுப்பினார்கள். தந்தி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது.

பிறகு ரயில். 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. தண்டவாளத்தோடு கம்பியும் ஏறியது. தந்திக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்து ஸ்டேஷன்களில் ஓடும் ரயிலின் சாரதியிடம் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பெரிய வளையத்தை நீட்டுவதையும், சாரதி கையை விட்டு அதை எடுப்பதையும் சிறுவயதில் வாய் பிளந்து பார்த்திருப்போம். அந்த வளையத்துப் பையில் இருப்பதுதான் டெப்லட். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஹட்டனில் ஒரு பெட்டி, கொட்டகலையில் ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே மின்கம்பி. ஒரு பக்கத்தில் ஒரு டெப்லட் வெளியே எடுத்துவிட்டால், அது திரும்பப் பெட்டிக்குள் விழும்வரை இரண்டு பக்கத்திலும் அடுத்ததை எடுக்க முடியாது. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் என்பதற்கு அந்தக் கம்பியே உத்தரவாதம்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கம்பி ஹட்டன், கொட்டகலை என்ற இரண்டு இடங்களுக்கு மட்டுமே சொந்தம் என்பது. வேறு யாரும் அதில் பேச முடியாது, நெரிசல் கிடையாது, இருபத்துநான்கு மணி நேரமும் திறந்தே இருக்கும். இன்றைக்கு ஒரு வங்கி தன் ஹட்டன் கிளைக்கும் கொழும்புத் தலைமையகத்துக்கும் இடையே தனக்கென்று ஒரு வழியை வாடகைக்கு எடுத்தால் அதன் பெயர் லீஸ்ட் லைன். விலை அதிகம், ஏனென்றால் பேசினாலும் பேசாவிட்டாலும் வழி உங்களுக்காகக் காத்துக்கிடக்கிறது.

எல்லோருக்கும் தனிக் கம்பி கட்டுப்படியாகாது. அதற்காக வந்தது எக்ஸ்சேஞ். ஊரில் உள்ள டெலிபோன் கம்பிகள் எல்லாம் ஒரே கட்டடத்தில் வந்து சேரும். புத்தகத்தில் அதற்குச் சென்ட்ரல் ஒபிஸ் என்று பெயர். ஒரு எக்ஸ்சேஞ்சையும் மற்ற எக்ஸ்சேஞ்சையும் சேர்க்கும் பெரிய வழிகள் டோல் நெட்வேர்க். நம் பெரியவர்களுக்கு அது "டிரங் கோல்". கொழும்புக்குப் பேச வேண்டுமென்றால் தபால் கந்தோரில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு ஊர் ஒபரேட்டர் அடுத்த ஊர் ஒபரேட்டரைப் பிடிப்பார், ஒவ்வொருவரும் ஒரு கயிற்றைத் துளையில் செருகச் செருக, கடைசியில் உங்கள் வாய்க்கும் கொழும்பில் ஒருவரின் காதுக்கும் இடையே முழு நீளத்துக்கு ஒரு வழி உண்டாகும். நீங்கள் அழுதுகொண்டு சும்மா நின்றாலும் மூன்று நிமிடக் காசு மூன்று நிமிடக் காசுதான், ஏனென்றால் வழி உங்களுக்காக அடைபட்டிருக்கிறது. பிள்ளைகள் "சுற்று ஆளியிடல்" என்று எழுதுவது இதைத்தான். ஒபரேட்டரின் இடத்துக்கு இயந்திரம் வந்த பிறகும் எக்ஸ்சேஞ்சின் அடையாளம் நம் எண்ணில் மிஞ்சியது. 051 என்றால் ஹட்டன், 052 என்றால் நுவரெலியா, 054 நாவலப்பிட்டி. கைபேசி எண்ணில் அந்த ஊர் வாசம் இல்லை.

இதற்கு நேரெதிர், பதுளை நைட் மெயிலில் போகும் தபால் பை. ஹட்டனில் போட்ட கடிதமும் தலவாக்கலையில் போட்டதும் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் போகும். எந்தக் கடிதத்துக்கும் தனி ரயில் இல்லை. மேலே முகவரி இருப்பதால் பிரிக்கும் இடத்தில் பிரிந்து போய்ச் சேரும். இணையம் இந்த முறையில்தான் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சின்னச் சின்னப் பொதிகளாக உடைந்து, முகவரி ஒட்டப்பட்டு, மற்றவர்களின் பொதிகளோடு கலந்து போகிறது. அதனால்தான் மலிவு. அதனால்தான் மாலை ஏழு மணிக்கு எல்லோரும் நாடகம் பார்க்க உட்கார்ந்தால் மெதுவாகிறது.

முகவரி என்று சொன்னதும் நம் கதைக்கு வந்துவிட்டோம்.

டிமார்கேஷன் பொயிண்ட், சுருக்கமாக டிமார்க், தமிழில் எல்லைப்புள்ளி. சேவை கொடுப்பவரின் பொறுப்பு முடிந்து நம் பொறுப்பு தொடங்கும் இடம். மின்சார மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் வரை பழுதென்றால் மின்சார சபை வர வேண்டும். மீட்டருக்கு இந்தப் பக்கம் பழுதென்றால் வயரிங் பாஸைத் தேடிப் போக வேண்டியது நாம். இந்தப் பக்கம் இருக்கும் ரவுட்டர், டெலிபோன், கணினி எல்லாம் வாடிக்கையாளர் வளாகக் கருவிகள். சாதாரண விடயம் போலத் தெரியும். ஆனால் தோட்டத்தின் தொலைத்தொடர்பு வரலாறு முழுவதும் இந்தப் புள்ளி எங்கே குத்தப்பட்டது என்பதில்தான் இருக்கிறது.

லயத்தில் இருந்தவருக்கு வந்த கடிதம் அரசாங்கத்தின் கையிலிருந்து எங்கே கைமாறியது? தோட்டக் கந்தோரில். தோட்டத்தின் தபால் பை டவுன் தபால் கந்தோரிலிருந்து மேலே வரும், கந்தோரில் பிரிக்கப்படும், பிறகு பெரட்டுக் களத்திலோ, யாரோ ஒரு பிள்ளையின் கையிலோ லயத்துக்கு வரும், அல்லது வராது. லயக் காம்பிராவுக்கென்று தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அதற்கு மேல் ஆளின் பெயர். ஒரே பிரிவில் ஒரே பெயரில் நாலு பேர். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்த கதை நம்மில் எத்தனை குடும்பங்களில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தபால் திணைக்களம் சொல்லும்: நாங்கள் தோட்டத்தில் ஒப்படைத்துவிட்டோம். தோட்டம் சொல்லும்: வீடு வீடாகக் கொடுப்பது எங்கள் வேலையில்லை. இரண்டும் உண்மை. எல்லைப்புள்ளி தவறான இடத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தும் கடிதம் வராமல் போகும்.

டெலிபோனும் அப்படித்தான் நின்றது. பெரிய துரையின் பங்களா, பெக்டரி, கந்தோர். அதற்கு அப்பால் கம்பி இல்லை. மலையகத்துக்குத் தொலைத்தொடர்பு பிந்தி வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலான கிராமங்களில் டெலிபோன் என்ற பெயரே கேள்விப்படாத காலத்தில் தோட்டத்து பங்களாவில் மணி அடித்தது. கம்பி நேரத்துக்கு வந்தது. லயத்துக்கு அரை மைல் முன்னால் நின்றுவிட்டது.

அந்த அரை மைலை நிரப்பியது அரசாங்கமோ கம்பனியோ அல்ல, பஸாரில் இருந்த கடைகள். 1980களில் நம் பெண்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஜித்தாவிலிருந்தோ குவைத்திலிருந்தோ ஒரு தாய் தன் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் யாருக்கு அழைப்பாள்? டவுனில் டெலிபோன் உள்ள ஒரு கடைக்கு. கடை நானா சேதியை ஒரு துண்டில் எழுதி, சாமான் வாங்க வரும் தோட்டத்து ஆளிடம் கொடுத்தனுப்புவார்: "வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு லெச்சுமி பேசுவா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க." குடும்பமே குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, மலை இறங்கி வந்து கடை வாசலில் காத்திருக்கும். பிறகு அந்தக் கடைகளே "கொமியூனிகேஷன்" என்ற பலகையை மாட்டிக்கொண்டன. ஐ.டி.டி. கோல், போட்டோ கொப்பி, லெமினேட்டிங், எல்லாம் ஒரே இடத்தில். வலையமைப்புப் பாடத்தில் "பொயிண்ட் ஒஃப் பிரசென்ஸ்" என்று ஒரு சொல் வரும். பெரிய வலையமைப்பு ஓர் ஊரில் காலூன்றி, சின்ன வாடிக்கையாளர்கள் வந்து சேரும் இடம். பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த எங்களுக்கு அந்தக் கடையைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தின் அழுகையும் கலியாணப் பேச்சும் மையித்துச் செய்தியும் ஒரு முஸ்லிம் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நடந்த காலம் அது. அந்த வரலாற்றை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். கடைக்காரர்களில் பலர் இப்போது வயதாளிகள்.

சட்டம் மாறியது 1991இல். தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது, திணைக்களம் கூட்டுத்தாபனமானது. 1996இல் கம்பியில்லா இணைப்புக் கொடுக்க சன்டெல், லங்கா பெல் இரண்டுக்கும் உரிமம் கிடைத்தது. 1997இல் ஸ்ரீலங்கா டெலிகொமின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்.டி.டி. வாங்கியது. கைபேசி அதற்கு முன்பே, 1989இல் செல்டெல் மூலம் நாட்டுக்கு வந்துவிட்டது. தோட்டத்துக்கு அது ஏறி வர இன்னும் நாளெடுத்தது. எங்கள் கணக்கில் பெரிய திருப்பம் 2005ஐ ஒட்டி வந்த சி.டி.எம்.ஏ. டெலிபோன். மேசையில் வைக்கும் பெட்டி, கூரையில் ஒரு சின்ன ஏரியல். லயக் காம்பிராவுக்கு உள்ளேயே மணி அடித்தது அப்போதுதான். எல்லைப்புள்ளி முதன்முறையாக லயத்து வாசலைத் தாண்டியது.

இனி லோக்கல் லூப். எக்ஸ்சேஞ்சிலிருந்து வாடிக்கையாளரின் எல்லைப்புள்ளி வரை வரும் கடைசித் துண்டுக் கம்பிக்கு அந்தப் பெயர். கடைசி மைல் என்றும் சொல்வார்கள். நீண்ட வழிகளில் நாடு பின்தங்கவில்லை. கடலடிக் கேபிள்கள் கொழும்பிலும் கல்கிசையிலும் மாத்தறையிலும் கரையேறுகின்றன. சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பா வரை போகும் பெரும் பாதை நம் வாசலைத் தொட்டுத்தான் போகிறது. சிக்கல் கடைசித் துண்டில். பழைய செப்புக் கம்பியில் ஏ.டி.எஸ்.எல். இணையம் கொடுத்தபோது, எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் விழுந்தது. நாலைந்து கிலோமீற்றருக்கு மேல் பயனில்லை. அது நேர்கோட்டுத் தூரமும் அல்ல. எதிர் மலையில் எக்ஸ்சேஞ் கண்ணுக்குத் தெரியும். கம்பியோ பள்ளத்தில் இறங்கி, பாலம் ஏறி, பதினாறு வளைவு சுற்றி வரும். கொழும்பில் ஐந்து கிலோமீற்றருக்குள் ஆயிரக்கணக்கான வீடுகள். இங்கே ஐந்து கிலோமீற்றரில் இரண்டு பிரிவு, ஒரு பெக்டரி, ஒரு கோயில். எந்தக் கம்பனியும் கணக்குப் பார்த்தால் எங்கே கம்பி இழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கல்வித் துறையில் கதை நன்றாகத்தான் தொடங்கியது. 1990இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று லேர்ன் மெயில் என்ற மின்னஞ்சல் சேவையை ஆரம்பித்தார். வணிக இணையம் இலங்கைக்கு வந்தது 1995இல்தான். அதற்கு முன்பே பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் வெளிநாட்டோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். லேர்ன் பிறகு பல்கலைக்கழகங்களை ஒன்றிணைக்கும் பரந்த பரப்பு வலையமைப்பாக வளர்ந்தது. பாடசாலைகளுக்கு 2006இல் ஸ்கூல்நெட் வந்தது. பொது வழியிலேயே தனித் திரை போட்டுப் பாடசாலைகளை மட்டும் ஒரு வலையமைப்பாக்கும் முறை, அதாவது வி.பி.என். லீஸ்ட் லைன் வாங்கக் காசில்லாதவர்களுக்கு அதே தனிமையை மலிவாகத் தரும் ஏற்பாடு. நல்ல யோசனை. ஆனால் அது கணினிக் கூடம் உள்ள பாடசாலைகளுக்கு. ஐந்தாம் ஆண்டு வரை மட்டும் உள்ள தோட்டப் பாடசாலைக்குக் கூடமும் இல்லை, லோக்கல் லூப்பும் இல்லை. மறுபடியும் கம்பி டவுனில் நின்றது.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. வானத்தில் பலூன் விட்டு நாடு முழுக்க இணையம் தருவோம் என்று கூகுளுக்கும் அரசுக்கும் 2015இல் உடன்படிக்கை. 2016 பெப்ரவரியில் அந்த பலூன்களில் ஒன்று கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலேயே வந்து இறங்கியது. திட்டமிட்டு இறக்கியதுதான் என்று கூகுள் சொன்னது. இருக்கலாம். 2021 ஜனவரியில் கூகுளின் தாய்க் கம்பனி அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. கடைசி மைலைத் தாண்டிக் குதிக்கும் கனவு தேயிலைச் செடிக்கு நடுவே காற்றுப் போய்க் கிடந்ததை நம் ஆட்கள்தான் முதலில் பார்த்தார்கள்.

2020ஐ மறக்க முடியாது. மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. ஆட்கள் மண்டபத்தில் கூடி விலை கூவும் முறை. கொரோனாவால் மண்டபம் மூடியதும், ஏப்ரலிலேயே அந்த ஏலம் முழுவதும் இணையத்துக்கு மாறியது. 137 வருடப் பழக்கம் சில வாரங்களில் மாறியது. அது நல்லதுதான், ஏலம் நின்றிருந்தால் சம்பளமும் நின்றிருக்கும். அதே ஏப்ரலில் நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடக் குறிப்பைத் திறக்க நம் பிள்ளைகள் கல்லுக்கு மேலும் தண்ணீர்த் தாங்கிக்கு மேலும் ஏறி நின்றார்கள். ஈ-தக்சலாவ தளத்துக்கு டேட்டா இலவசம் என்றார்கள். சிக்னல் இருந்தால்தானே இலவசம். கொழுந்து பறித்த தோட்டத்தின் தேயிலை இணையத்தில் விற்றது, கொழுந்து பறித்தவரின் பிள்ளைக்கு இணையம் எட்டவில்லை. ஒரே தோட்டம், ஒரே கம்பனி வலையமைப்பு. எல்லைப்புள்ளி கந்தோரில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நம் விடயத்துக்கு வருவோம். பாடசாலைக்கு ஃபைபர் எடுப்பது பற்றி வரும் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேச இருக்கிறோம். கம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். அனுப்பிய கடிதத்தில் "உங்கள் பகுதியில் ஃபைபர் உண்டு" என்று இருக்கிறது. பகுதி என்றால் எது? பிரதான பாதைக் கம்பமா, பாடசாலைச் சுவரா? பாதைக் கம்பம் என்றால் அங்கிருந்து மேலே வர வேண்டிய கம்பங்களுக்கு யார் செலவு? வழியில் உள்ள நிலம் தோட்டத்தினுடையது. அனுமதி எடுத்துத் தருவது யார் பொறுப்பு? ரவுட்டர் இடி விழுந்து எரிந்தால் அது யாருடைய கருவி? "100 எம்.பி.பி.எஸ். வரை" என்ற வரியில் உள்ள "வரை"க்குக் கீழே குறைந்தபட்சம் எவ்வளவு? ஒரு பெற்றோர் இருநூறு ரூபா கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை, டிமார்க் எது, லூப் எது என்று தெரிந்தால் போதும்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் நாட்டில் தொடங்கியபின், கம்பியே வேண்டாம், தட்டு ஒன்று போதும் என்று சிலர் சொல்கிறார்கள். செய்மதி தாழப் பறப்பதால், சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில், பழைய செய்மதிகளைப் போலத் தாமதம் இல்லை. லோக்கல் லூப் பிரச்சினையே இல்லாத வழி அது, உண்மை. ஆனால் தட்டின் விலையும் மாதக் கட்டணமும் ஒரு சின்னப் பாடசாலையின் சங்கம் தாங்கக் கூடியதா என்பதைக் கூட்டத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மூன்று பாடசாலைகள் சேர்ந்து எடுப்பதற்கு விதி இடம் தருகிறதா என்றும் விசாரிக்கிறோம்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மண்சரிந்தபோது பாதையோடு கம்பியும் போனது, கரண்டும் போனது. கொழும்பில் இருந்த பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் நாட்கள் கழிந்தன. வலையமைப்பு போடுபவர்கள் இதற்காக வளையம் போல இழுப்பார்கள்: ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்தால் சுற்றிவரும். ஒரே பாதையோரம் போய் ஒரே பாதையோரம் திரும்பும் வளையம், மண் சரிந்தால் ஒற்றைக் கம்பிக்குச் சமம். நம் பக்கத்துக்கு வரும் ஃபைபருக்கு இரண்டாவது வழி எது என்று கம்பனியிடம் கேட்டோம். "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். அதை எழுத்தில் தரும்படி கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம்.